கீழே ஒன்றும் இல்லாத படிக்கட்டு

அந்தப் படிக்கட்டைக் கீறியவள் நான்தான். பிறகு மேசனைக் குறை சொன்னவர்கள் உண்டு, சீமெந்தைக் குறை சொன்னவர்கள் உண்டு, கண்ணூறு என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் முதலில் அது என் கணினித் திரையில் நான் இழுத்த ஒரு வளைகோடு.

நான் கல்முனையில், வீட்டில் இருந்தபடியே வீட்டு பிளான் கீறுகிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த தொடக்கத்தில் ஒரு பெண் கீறும் பிளானை நம்பலாமா என்று ஆண்கள் தயங்கினார்கள். பெண்கள் தயங்கவில்லை. குசினி எந்தப் பக்கம் வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பெண்கள் எங்கே இருப்பது என்பதையெல்லாம் என்னோடு மனம் விட்டுக் கதைக்க முடிந்தது. அப்படித்தான் வேலை வரத் தொடங்கியது.

சாச்சி என் உம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை. கணவர் கட்டாரில். ஒரே மகளுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வந்து குடியேற வேண்டிய பெண்வீடு கடற்கரை வீதிக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி அத்திவாரம் போட்ட நிலையில் நின்றது. ஒருநாள் சாச்சியின் மகள் ஒரு ஃபைலோடு என் வீட்டுக்கு வந்தாள். அப்போது அவள் ஒலுவில் கம்பஸில் மூன்றாம் வருடம். ஃபைல் நிறைய, கம்யூனிகேஷன் கடையில் கலரில் எடுத்த பிரதிகள்.

எல்லாம் இங்கிலாந்தின் பழைய வீடுகளைக் காட்டும் படங்கள். இருநூறு வருடத்துக்கு முன் அந்த நாட்டு அரசருக்குப் புத்தி பேதலித்ததால் மகன் அவருக்குப் பதிலாக ஆண்டாராம். அந்தச் சில வருடங்களை ரீஜென்சி காலம் என்கிறார்கள், ராத்தா என்று அவள் விளக்கினாள். நான் அவளுக்கு அக்கா முறை. அப்போது கமரா இல்லை. ஓவியர்களை அழைத்து வீட்டின் அறைகளை நீர்வண்ணத்தில் தீட்டி வைத்திருக்கிறார்கள். கட்டடக்காரர்களுக்கென்று அளவுகளோடு அச்சிட்ட படங்களும் இருந்தன. பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சுவர்த்தாள். கால்கள் வெளிப்பக்கம் வளைந்த மெல்லிய கதிரைகள். இரண்டு முனையும் சங்கு போலச் சுருண்ட சோபா. கதவின் மேலே விசிறி விரித்தது போல அரைவட்டக் கண்ணாடி. மாடியில் இரும்புப் பின்னல் வேலை செய்த பல்கனி, அதற்கு மேலே கூடாரம் போல வளைந்த தகரக் கூரை. அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சாச்சிக்கும் அவை பிடித்திருந்தன. வீதிப் பக்கம் வயிறு தள்ளியது போல் நின்ற கண்ணாடி ஜன்னலை மட்டும் வேண்டாம் என்றார், போகிற வருகிறவனெல்லாம் உள்ளே பார்ப்பான் என்று. பொன் சட்டம் போட்ட வட்டக் கண்ணாடியின் தலையில் கழுகு உட்கார்ந்திருந்தது. உருவம் உள்ள வீட்டுக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள், கழுகில்லாமல் செய்யலாமென்றால் செய் என்றார். மகள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்று மட்டும் வேண்டும். ஃபைலின் கடைசியில் இருந்த படத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"இதப் பாருங்க ராத்தா. கீழ ஒண்டுமே இல்ல."

வளைந்த சுவரைப் பற்றிக்கொண்டு ஒரு படிக்கட்டு மேலே ஏறியது. தூண் இல்லை, தாங்கு சுவர் இல்லை. படிகள் ஒரு பக்கம் மட்டும் சுவருக்குள் செருகி, மறுபக்கம் காற்றில் நின்றன. பாதி வழியில் ஒரு பெண் மெல்லிய கைபிடியில் கை வைத்து நின்றாள். நெஞ்சுக்குக் கீழேயே இடுப்புக் கட்டிய நீண்ட வெள்ளைச் சட்டை. ஓவியர் அவளுடைய நிழலைக் கூடச் சுவரில் தீட்டியிருந்தார்.

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். கல்முனையில் யாரும் செய்யாததை நான் செய்தேன் என்று ஊர் சொல்லும் என்ற ஆசை எனக்குள் வந்துவிட்டது. கொங்கிரீட்டில் செய்யலாம் என்றேன்.

பொறுப்பில்லாமல் செய்யவில்லை. எனக்குப் படிப்பித்த என்ஜினியர் ஒருவரிடம் போய்க் கம்பிக் கணக்கு வாங்கினேன். அவர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சாதாரணப் படிக்கட்டில் கம்பி அடிப்பக்கம் இருக்க வேண்டும். இதில் ஒரு பக்கம் மட்டும் பிடித்திருப்பதால் பாரம் படியைக் கீழே மடக்கும், மேல்பக்கம்தான் பிளக்கப் பார்க்கும். ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். அது கீழே இறங்கினால் படியில் பலம் இல்லை. மேசனிடம் நான் அதை நாலைந்து தரம் சொன்னேன். அவர் முப்பது வருடம் வேலை செய்தவர், கோபக்காரர் அல்ல. "வெளங்குது மகள்" என்று ஒவ்வொரு தரமும் தலையாட்டினார்.

கொங்கிரீட் போடும் அன்று நான் அங்கே நிற்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தேன். அதற்கு முந்திய நாள் என் சின்ன மகளுக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரி வாட்டில் மறித்துவிட்டார்கள். இரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கட்டிலை விட்டு அசையவில்லை. காலை பத்து மணியளவில் சாச்சியின் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். சந்தோஷத்தில் அனுப்பியது. கீழே இரண்டு மூன்று பூக்களும் போட்டிருந்தாள்.

அந்த வீடியோ இருபது செக்கன்தான் இருக்கும். வேலையாட்கள் வாளிகளில் கொங்கிரீட்டைக் கைமாற்றி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிற்க வேறு இடமில்லாததால் கம்பிகளின் மேலேயே நின்றார்கள். ஒருவன் பாரத்தோடு ஒரு கம்பியில் கால் வைத்தபோது அது வளைந்து கீழே போனது. அவன் காலை எடுத்த பிறகும் அது மேலே வரவில்லை. அதன்மேல் கொங்கிரீட் விழுந்தது.

என் மகளின் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நான் அந்த வீடியோவை ஏழெட்டுத் தரம் பார்த்தேன். வராந்தாவுக்குப் போய் மேசனுக்குப் போன் எடுத்தேன். கொங்கிரீட் கலக்கும் மெசின் சத்தத்துக்கு இடையில், கம்பிகளைத் தூக்கி விட்டாச்சு, யோசிக்காதே, பிள்ளையைப் பார் என்றார். நான் நம்பினேன். நம்பினால் அன்றைக்கு இன்னொரு பயத்தைச் சுமக்கத் தேவையில்லை.

மகள் சுகமாகி வீட்டுக்கு வந்தாள். ஒரு மாதம் கழித்து, கொங்கிரீட் இறுகும் வரை படிக்கட்டைத் தாங்கி நின்ற முட்டுகளைக் கழற்றினார்கள். நான் போய் நின்றேன். ஒவ்வொரு முட்டும் விழும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. படத்தில் இருந்தது போலவே அது காற்றில் நின்றது. வேலையாட்கள் கூடக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீறின நீயே முதலில் ஏறு என்று சாச்சி என்னைத் தள்ளிவிட்டார். ஏறினேன். ஏழாவது படியில் என் காலுக்குக் கீழே ஏதோ மெல்ல அசைந்தது போல இருந்தது. அது படியா, என் முழங்காலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு வேலைகள் மளமளவென்று முடிந்தன. படிகளுக்கு வெள்ளை டைல் பதித்தார்கள். சுவருக்குக் கொழும்பில் இருந்து பச்சைக் கோடு போட்ட சுவர்த்தாள் வந்தது. சாச்சியின் மகள் அதை நூல் பிடித்துப் பார்த்து ஒட்டுவித்தாள். சாச்சியும் மகளும் அங்கே குடிவந்தார்கள். வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் படிக்கட்டின் முன்னால்தான் நின்றார்கள், போனில் படம் எடுத்தார்கள். இரண்டு பேர் இதே போல் தங்களுக்கும் வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். இப்போது வேலை அதிகம், பிறகு பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்கு அந்த வீட்டுக்குப் போகாமலும் இருக்க முடியவில்லை, போனால் நிற்கவும் முடியவில்லை. ஏழாவது படியில் டைலுக்கும் சுவருக்கும் இடையில் மயிரிழை போல ஒரு கீறல் இருந்தது. அதற்குள் ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தைச் செருகிப் பார்த்தேன். போகவில்லை. இரண்டு கிழமை கழித்துப் போனபோது தாள் போனது. அடுத்த தரம் மடித்த தாளே போனது. குனிந்து நின்ற என்னைச் சாச்சி கண்டு என்ன தேடுகிறாய் என்று கேட்டார். டைல் பார்க்கிறேன் என்றேன். படிக்குக் கீழே போய்ப் பார்த்தால் சுவர்த்தாளின் கோடுகள் அந்த இடத்தில் மட்டும் நெளிந்து, சின்னதாகச் சுருங்கியிருந்தன. நேரான கோடுகள் என்பதால் அது பளிச்சென்று தெரிந்தது. கடல் காற்றுக்குப் பசை விடுகிறது என்றார் சாச்சி. எனக்குத் தெரியும். படி கீழே இறங்கித் தாளை நெருக்குகிறது.

வீட்டில் வேலை ஓடவில்லை. சாச்சியின் மகள் தந்த படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கேயாவது ஆறுதல் இருக்கும் என்பது போல. ஒரு படத்தில் படிக்கட்டை வெட்டி உள்ளமைப்பைக் காட்டியிருந்தார்கள். அப்போதுதான் கவனித்தேன். அந்தப் படிகள் கல். ஒவ்வொன்றும் சுவருக்குள் செருகியிருப்பதோடு, கீழே உள்ள படியின் விளிம்பிலும் அமர்ந்திருந்தது. மேலே உள்ளதன் பாரம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கித் தரையைத் தொட்டது. கீழே ஒன்றும் இல்லை என்று நாங்கள் நினைத்தது தவறு. ஒவ்வொரு படிக்கும் கீழே இன்னொரு படி இருந்தது. நான் கீறிய கொங்கிரீட்டில் எல்லாமே சுவரை மட்டும் நம்பியிருந்தன, அதுவும் கம்பி மேலே இருந்தால்தான். இன்னொன்றையும் கண்டேன். எந்த ஓவியத்திலும் படிக்கட்டில் ஒருவருக்கு மேல் இல்லை. கலியாணத்தன்று மாப்பிள்ளையைப் பார்க்க எங்கள் பெண்கள் நாற்பது பேர் அதில் ஏறி நிற்பார்கள், இடுப்பில் பிள்ளைகளோடு.

சுனாமி வந்தபோது எனக்குப் பத்து வயது. ஒரு மதில் மனிதர்கள்மேல் சரிவதைக் கண்ணால் கண்டவள் நான். அதை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. அந்த நாட்களில் கண்ணை மூடினால் அதுதான் வந்தது. படிக்கட்டு கனவில் கூட வரவில்லை, அந்த மதில்தான் வந்தது.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் என் கணவரிடம் சொன்னேன். அவர் பாடசாலையில் இருந்து வந்து சோற்றுக்கு முன்னால் இருந்தார். சொன்னால் இனி உனக்கு ஒருவரும் பிளான் தரமாட்டார்கள் என்றார். சொல்லாவிட்டால் என்று தொடங்கி, முடிக்காமல் கை கழுவ எழுந்து போனார். அந்தச் சோறு அப்படியே கிடந்தது.

அடுத்த நாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு சாச்சியிடம் போனேன். அவர் கலியாண அழைப்புகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவைக் காட்டினேன். கம்பி கீழே போகும் இடத்தில் நிறுத்திக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"இத நீ எப்ப கண்ட?"

"அண்டைக்கே சாச்சி. வாட்டுல இரிக்கக்குள்ள."

"நாலு மாசம்."

"ஓம்."

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். இருந்த இடத்திலிருந்தே எட்டிக் கதவைத் திறந்து, வெளியே தெரிந்த படிக்கட்டைப் பார்த்தார்.

"என்ட புள்ள ஒரு நாளைக்கு இருவது தரம் இதுல ஏறி எறங்குறா" என்றார். "நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த."

நான் பயந்துபோய் இருந்தேன் என்று சொல்லலாம். அவருக்கு அதில் என்ன? பேச்சுச் சத்தம் கேட்டு மகள் மேலே இருந்து இறங்கி வரத் தொடங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, அங்கேயே நில் என்று கத்தினோம். அவள் மேலிருந்து மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். பிறகு சாச்சி கீழே நின்றபடி, சுவரோடு ஒட்டி மெல்ல வரச் சொன்னார். அவள் சுவர்த்தாளில் கை பரப்பி, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஏழாவது படியை அவள் தாண்டும் வரை நான் அதன் சுவரோரத்துக் கீறலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் என்ஜினியர் வந்தார். மேசனும் வந்தார். ஏழாவது படியின் டைலைக் கழற்றி, சுவரோரத்தில் கொங்கிரீட்டை உடைத்துப் பார்ப்பதென்று முடிவானது. வேறு யாரையும் தொடவிடாமல் மேசன் தானே உளியை எடுத்தார். கம்பி இருக்க வேண்டிய ஆழத்தில் கம்பி இல்லை. இன்னும் உடைத்தார். படியின் கனத்தில் நடுப்பகுதியைத் தாண்டிய பிறகுதான் கம்பி தெரிந்தது. என்ஜினியர் விரலை உள்ளே விட்டு அளந்து பார்த்து, வேறு படிகளையும் உடைக்கச் சொன்னார். ஐந்தாவது படியில் சரியாக இருந்தது. எட்டாவதில் இல்லை. அதற்கு மேல் உடைக்கத் தேவையில்லை என்றார்.

மேசன் உளியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"மிதிபட்டுட்டு" என்றார். "எட்டின மட்டும் தூக்கி உட்ட நான். எல்லாம் எட்டல்ல."

அதன் பிறகு அவர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. முட்டுக் கழற்றிய நாளில் இருந்து தான் ஒருநாளும் இந்தப் படிக்குக் கீழால் நடந்ததில்லை என்றார். பின் வாசலுக்குப் போக வேண்டியிருந்தால் வீட்டைச் சுற்றிக்கொண்டு போவாராம். நான் இங்கே தாளைச் செருகிப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில் அவரும் வளவைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் தொழில், எனக்கும் தொழில்.

உடைத்துத் திரும்பக் கட்ட நாள் இல்லை. என்ஜினியர் சொன்னபடி படிக்கட்டின் கீழே நெருக்கமாக இரும்புக் குழாய் முட்டுகள் கொடுத்தார்கள். இனி விழாது என்று அவர் எழுதிக் கொடுத்தார். அப்படியும் கலியாணத்தன்று ஒருவரும் மேலே போகக் கூடாதென்று சாச்சி சொல்லிவிட்டார். மணப்பெண்ணின் அறையைக் கீழே மாற்றினார்கள். சோடனைக்காரர்கள் முட்டுகள் முழுவதும் வெள்ளைத் துணி சுற்றி, பிளாஸ்டிக் கொடி படரவிட்டு, விளக்கு மாலை தொங்கவிட்டார்கள். வந்தவர்கள் இதுவும் படத்தில் உள்ள டிசைனா என்று கேட்டார்கள்.

நான் காலையில் இருந்தே முதல் படிக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். குறுக்கே ஒரு ரிப்பனும் கட்டியிருந்தது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஒழுங்கைக்குள் வந்துவிட்டார்கள் என்ற சத்தம் கேட்டதும் அது ஒன்றும் பயன்படவில்லை. மேல் ஜன்னலில் இருந்து நன்றாகத் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். ரிப்பன் அறுந்தது. குமர்ப்பிள்ளைகள், தாய்மார், பிள்ளைகள் என்று என்னைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். ஒருத்தியின் கையைப் பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டே உதறிவிட்டுப் போனாள். இறங்குங்கள் என்று கத்தினேன். மாப்பிள்ளையோடு வந்தவர்கள் பாடிய பைத்துப் பாட்டின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பதினேழு பேர் வரை எண்ணினேன், பிறகு எண்ணத் தெரியவில்லை. குனிந்து படிக்குக் கீழே போய், வெள்ளைத் துணி சுற்றிய ஒரு முட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் பிடிப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இரும்பின் வழியாகக் கால்களின் அதிர்வு என் உள்ளங்கைக்கு வந்தது. ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். பாதியில் மறந்து, திரும்பத் தொடங்கினேன்.

அது விழவில்லை. மாப்பிள்ளை உள்ளே வந்ததும் எல்லாரும் அதே வேகத்தில் இறங்கிப் போனார்கள். எவருக்கும் ஒன்றும் தெரியாது. நான் குசினிக்குப் பின்னால், தேங்காய் துருவுகிற பெண்களைத் தாண்டிப் போய் வாந்தி எடுத்தேன். பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று ஒருத்தி கேட்டாள்.

கலியாணம் முடிந்த அடுத்த கிழமை படிக்கட்டின் அடியில் செங்கல் சுவர் எழுப்பினார்கள். மேசன் கூலி வாங்கவில்லை. இப்போது அது எந்த வீட்டிலும் இருப்பது போன்ற படிக்கட்டு. அந்தச் சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்து, உள்ளே வயலில் இருந்து வருகிற அரிசி மூட்டைகளை அடுக்குகிறார்கள். சாச்சி மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. நோன்புப் பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்பினார், பிறகு கதைத்தார். முன்பு போல் இல்லை. என்னிடம் பிளான் தந்திருந்த ஒருவர் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். மற்றவர்கள் தொடர்ந்து வருகிறார்கள். ஏன் என்று நான் கேட்பதில்லை. கொங்கிரீட் போடுகிற நாளில் விடிந்தது முதல் நான் அங்கே நிற்கிறேன், பலகை போட்டு அதன்மேல் நடக்கச் சொல்கிறேன். மேசன்மார் என்னைக் கரைச்சல்காரி என்கிறார்கள்.

போன மாதம் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். நான் வந்த சத்தம் கேட்டு அவருடைய மகள் மேலே இருந்து வந்தாள், கையில் நாலு மாதப் பிள்ளை. ஒரு கையால் பிள்ளையை அணைத்து, மறு கையில் போனைப் பார்த்துக்கொண்டு, கைபிடியைத் தொடாமல் இறங்கினாள். நான் கதிரையை விட்டு எழுந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நின்றாள்.

"இப்ப சுவர் இரிக்கி ராத்தா" என்றாள்.

ஓம் என்றேன். அவள் கடைசிப் படியில் இருந்து தரைக்கு வரும் வரை நான் உட்காரவில்லை.